எண்பத்தொரு சதவீதம்

டாக்டர் தேவநாதனுக்கு ஐம்பத்தோராவது வயதில் ஓர் எண் கிடைத்தது. அந்த வயதில் சிலருக்குப் பேரப்பிள்ளை கிடைக்கிறது, சிலருக்குச் சர்க்கரை நோய் கிடைக்கிறது. இவருக்குக் கிடைத்தது எண்பத்தொரு சதவீதம். மனிதர் அதை மடியில் போட்டுக் கொஞ்சாத குறைதான். குளிக்கும்போது எண்பத்தொன்று, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எண்பத்தொன்று. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து மனைவி புஷ்பவள்ளி கேட்டாள்: "ஏங்க, ரெண்டு கரண்டி சாம்பார் போதுமா, இல்ல அதையும் எம்பத்தொண்ணா ஊத்தணுமா?"

அவர் சந்தோஷத்தில் நியாயம் இருந்தது. 2004-ஆம் வருஷம் சென்னையில் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான கடலூருக்கு வந்தவர் அவர். மனநல மருத்துவர். சிதம்பரத்தில் புதிதாகத் தொடங்கியிருந்த ஒரு சின்ன மனநல மையத்தில் சேர்ந்து, தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வந்தார். மையம் மேல வீதியில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. அது ரொம்ப வசதியாகப் போயிற்று. மனசு சரியில்லை என்று வருகிறவர்கள் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிட்டால், குடம் வாங்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்ன பாவத்துக்குச் சிலர் வாங்கிக்கொண்டும் போனார்கள். கடைக்காரர் நன்றி மறக்காமல் ஒவ்வொரு பொங்கலுக்கும் டாக்டருக்கு ஒரு தூக்குச்சட்டி கொடுத்துவிடுவார்.

வைத்தியம் பார்ப்பதோடு அவர் நின்றிருந்தால் தொல்லையில்லை. ஆனால் தேவநாதனுக்கு ஆராய்ச்சி ஆசை. நம் ஊர்க்காரர்களின் மனசைப் பற்றி வெளியூர்ப் புத்தகத்தைப் பார்த்துத்தானே வைத்தியம் செய்கிறோம், நாமே கண்டுபிடித்து நாமே எழுதினால் என்ன என்று நினைப்பார். நினைத்த நேரம் சரியில்லை. அவர் வந்த வருஷக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்து போனது. அடுத்த இரண்டு வருஷமும் கடலோரக் குப்பங்களில் தரையில் உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. யாராவது கேட்டால், "அது எழுதறதுக்கு இல்ல" என்பார்.

பிறகு நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டும் ஆட்கள் எத்தனை மணி நேரம் தூங்குகிறார்கள் என்று ஓர் ஆராய்ச்சி. அறுபது பேருக்கு அறுபது நோட்டுப் புத்தகம் கொடுத்து, தினமும் எழுதச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வாங்கிப் பார்த்தால் அறுபது நோட்டிலும் ஒரே மை, ஒரே கையெழுத்து. அறுபது பேரும் நாள் தவறாமல் எட்டு மணி நேரம் தூங்கியிருந்தார்கள். மேஸ்திரி நல்ல மனுஷர். ஆட்களுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தானே எழுதி முடித்திருந்தார்.

அதனால்தான் மூன்றாவது ஆராய்ச்சியில் தேவநாதன் கெட்டியாக இருந்தார். 2009 ஆனியில் தொடங்கினார். அண்ணாகிராமம் பக்கத்து ஊர்களில் மனச்சோர்வு கண்ட ஐம்பத்து மூன்று பெண்கள். பெரும்பாலும் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். ஆறு மாதம் மாத்திரையும் மாதாமாதம் கூடிப் பேச ஒரு கூட்டமும். தொடங்கும் முன் பன்னிரண்டு கேள்வி, முடிந்ததும் அதே பன்னிரண்டு கேள்வி. தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறதா, இப்படி. நோவு எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண். பன்னிரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் குணம். குணமானவர்களுக்கு மாத்திரையை மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம்.

கேள்வி கேட்கும் வேலை சவரியம்மாளுடையது. கடலூர் பழைய நகரத்துக்காரி, நாற்பத்தைந்து வயது, ஊர் ஊராகப் போய்ப் பழகியவள். அவளுக்கு டாக்டர் ஒரே ஒரு சட்டம் போட்டார். "சவரியம்மா, கேள்வியப் படிங்க. பதில எழுதுங்க. நீங்களா ஒரு வார்த்த பேசக் கூடாது. ஒங்க அபிப்பிராயமும் வேணாம். மேஸ்திரி கதையாயிடும்."

"சரி சார்" என்றாள் சவரியம்மாள். வாய் ஓயாத அந்தப் பெண்மணி எட்டு மாதம் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றினாள். அவளுடைய வீட்டார்கூட நம்பவில்லை.

2010 பங்குனியில் கணக்குப் போட்டபோது ஐம்பத்து மூன்று பேரில் நாற்பத்து மூன்று பேர் குணம். எண்பத்தொரு சதவீதம். மையத்தின் செயலாளர் சிங்காரம், வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆளை அழைத்து மாடிப்படி முகப்பில் '81% குணம்' என்று சிவப்பு எழுத்தில் எழுத வைத்தார். கீழே பாத்திரக்கடைப் பலகைக்குப் பக்கத்தில் அது இருந்ததால், எதற்கு எண்பத்தொரு சதவீதம் தள்ளுபடி என்று கேட்டுக்கொண்டு சிலர் மாடியேறி வந்தார்கள். ஐதராபாத்தில் நடக்கும் மனநல மருத்துவர்கள் மாநாட்டில் புரட்டாசியில் வந்து பேசச் சொல்லி டாக்டருக்கு அழைப்பு வந்தது. இதே முறையில் இன்னும் பன்னிரண்டு ஊர்களில் செய்யலாம் என்று ஆராய்ச்சிக்குப் பண உதவி தருகிறவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் வைத்தியம், அப்புறம் கேள்வி, அப்புறம் மாத்திரை நிறுத்தம்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளிக்கு மூன்று நாளாகப் பல்வலி. ஒரு கன்னம் வீங்கி, அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கன்னம்தான் முதலில் திரும்பியது. திட்டக்குடியிலிருந்து அவளுடைய அக்கா போன் செய்தாள்.

"நல்லா இருக்கேங்க்கா. ஒரு கொறையும் இல்ல. நாளைக்கிப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தேவநாதனுக்குப் பொறுக்கவில்லை. "மூணு நாளா என்னத் தூங்க வுடாம அனத்துற. அக்கா கேட்டா ஒண்ணுமில்லங்குற."

"என்னா பேச்சுங்க இது. வெள்ளிக்கெழமயும் அதுவுமா, வெளக்கு எரியிற வீட்ல ஒக்காந்துக்கிட்டு வலிக்குது தாங்கலன்னு வாயால சொல்லுவாங்களா? நாளைக்கிச் சொல்லிக்கிறேன்."

"அப்ப நாளைக்கி வலிக்கும்?"

"நாளைக்கி வலிக்கும். இன்னைக்கி ஒண்ணுமில்ல" என்றாள், கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு.

தேவநாதன் சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றுவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்த புஷ்பவள்ளி, "ஒங்களுக்கும் பல்லு வலிக்குதா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சிதம்பரம் போய் அலமாரியைத் திறந்தார். ஐம்பத்து மூன்று பேருடைய தாள்களையும் மேஜை மேல் பரப்பினார். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி இருந்தது. காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். முதல் முறை கேள்வி கேட்டதெல்லாம் புதன்கிழமை. இரண்டாம் முறை கேட்டதெல்லாம் வெள்ளிக்கிழமை, அதிலும் பாதிக்கு மேல் தை வெள்ளி.

காரணம் ரொம்பச் சாதாரணம். கேள்வி கேட்கப் போகும் வேன் மையத்துக்கு மட்டும் சொந்தமில்லை, ஒரு கண் முகாம்காரர்களோடு பங்கு. முதலில் புதன்கிழமை மையத்துக்கு இருந்தது. தை பிறந்ததும் அவர்கள் புதனை எடுத்துக்கொண்டு வெள்ளியைக் கொடுத்தார்கள். எந்த நாளாக இருந்தால் என்ன என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார்.

குணமாகாத பத்துப் பேரின் தாள்களைத் தனியாக எடுத்தார். பத்தில் ஆறு பேர் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அந்த ஆறு பேருக்கு ஏன் வைத்தியம் பலிக்கவில்லை என்று தன் கட்டுரையில் இரண்டு பத்தி எழுதியிருந்தார். உறவினர் ஆதரவு, குடும்ப அமைப்பு என்று என்னென்னவோ. அந்த இரண்டு பத்தியை எழுத அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

பத்து மணிக்குச் சவரியம்மாள் வந்தாள். டாக்டர் காகிதக் கடலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"சவரியம்மா, வெள்ளிக்கிழமையில நம்ம பொம்பளைங்க நோவு நொடி எதையும் சொல்லமாட்டாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். எங்க தெருவுல சுத்தி எல்லாம் இந்து வூடுங்கதானே. வெள்ளிக்கெழம போனா எல்லாரும் சௌக்கியம். சனிக்கெழம போனாத்தான் யாருக்கு என்னான்னு தெரியும்."

"தெரிஞ்சா ஏன் என்கிட்ட சொல்லல?"

சவரியம்மாள் அவரை ஒரு நிமிஷம் இரக்கத்தோடு பார்த்தாள். "நீங்க இந்துதானே சார். ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும். ஆராய்ச்சிக்கு அப்படித்தான் வேணும்போலன்னு இருந்துட்டேன். அதுவுமில்லாம, வாயத் தொறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?"

டாக்டர் அந்த ஆறு தாளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எங்க ஆளுங்க ஆறு பேருதான் மருந்துக்கு மசியலன்னு எழுதியிருந்தீங்களே" என்றாள் சவரியம்மாள். "டைப் அடிக்கக் குடுத்தப்ப படிச்சுப் பாத்தேன். வருத்தமாத்தான் இருந்துச்சு. பெரியவங்க எழுதுறீங்க, நான் என்னாத்தச் சொல்றது."

திங்கட்கிழமை இருவரும் வேனுக்குக் காத்திராமல் கடலூரில் பஸ் ஏறினார்கள். டாக்டர் பார்க்கப் போனது கொளஞ்சியம்மாளை. எண்பத்தொன்றில் அவள்தான் நட்சத்திரம். முதல் தடவை இருபத்தேழு மதிப்பெண், இரண்டாம் தடவை ஐந்து. ஐதராபாத்தில் திரையில் காட்ட வைத்திருந்த படத்தில் முதல் கோடு அவளுடையது. மேலிருந்து கீழே சறுக்குமரம் போல இறங்கும். பங்குனியோடு அவளுக்கு மாத்திரை நிறுத்தியாகிவிட்டது.

கொளஞ்சியம்மாளின் வீட்டுக்காரர் கேரளத்தில் கட்டட வேலை, வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார். அவள் வாசல் வேப்பமரத்தடியில் முந்திரிக்கொட்டைகளை முன்னால் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொட்டைப்பாலால் விரலெல்லாம் கறுத்திருந்தது. கட்டை கையில் இருந்தது, உடைத்த கொட்டையைக் காணோம். இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்துகொண்டாள்.

சவரியம்மாள் தாளை எடுத்தாள். டாக்டர், "தாள் இருக்கட்டும். நீங்க பேசுங்க" என்றார்.

எட்டு மாதம் பூட்டியிருந்த வாய் திறந்தது. "என்னா கொளஞ்சி, இப்படி எளச்சுப் போயிட்ட? ஆடு ரெண்டு கட்டியிருப்பியே, எங்க?"

"வித்துட்டேங்க்கா. அதுங்க கத்துறதக் கேக்க முடியல. கத்துனா தழ ஒடிச்சிப் போடணும். எழுந்து போவ முடியல." கொளஞ்சியம்மாள் மெதுவாகச் சொன்னாள். "இந்தக் கொட்டையத் தட்டணும்னு காலையிலேருந்து ஒக்காந்திருக்கேன். கையி எழும்பமாட்டங்குது. தூக்கம் எப்ப வந்துச்சுன்னே நெனப்பு இல்ல. கெணத்துப் பக்கம் போவ நானே பயந்துக்கிட்டு, பக்கத்து வூட்டுப் பொண்ணத் தண்ணி எடுத்தாரச் சொல்றேன்."

தேவநாதன் மரத்தடி மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "தையில வந்து கேட்டப்ப நல்லாத் தூங்குறேன், நல்லா இருக்கேன்னு சொன்னீங்களேம்மா."

"அன்னைக்கி வெள்ளிக்கெழமங்க ஐயா. வாசல்ல மாக்கோலம் போட்டு வெச்சிருந்தேன். நீங்களும் அவ்ளோ தூரத்துலேருந்து வேன் எடுத்துக்கிட்டு, செருப்ப வெளிய வுட்டுட்டு வந்து நிக்கிறீங்க. வந்த மனுஷங்க முன்னால உசுரோட இருந்து என்னாத்துக்குன்னு சொல்ல வாய் வருமா?" அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப மாத்திர சாப்புட்டுக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் பரவாயில்லாமதான் இருந்துச்சு. அப்புறம் ஒனக்குக் கொணமாயிடுச்சுன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. கொணமானவளுக்கு ஏன் இப்படி இருக்குதுன்னு நானும் பாக்குறேன்" என்றாள்.

டாக்டர் பையிலேயே மாத்திரை கொண்டு போயிருந்தார். அங்கேயே முதல் மாத்திரையைப் போடச் செய்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, கொளஞ்சியம்மாளைத் தனியாக விடக் கூடாது என்று சொல்லி, தன் செல்போன் எண்ணை அவள் கையில் எழுதிக் கொடுத்தார். சவரியம்மாளை இரண்டு நாளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஒரே ஒரு கேள்விதான். மீதி நாற்பத்திரண்டு பேர்?

செவ்வாய்க்கிழமை செயலாளர் சிங்காரத்திடம் விஷயத்தைச் சொன்னார். சிங்காரம் கெட்டவர் இல்லை. அவருக்கு எண்கள் என்றால் அழகு வேண்டும், அவ்வளவுதான்.

"டாக்டர், அந்த அம்மாவுக்கு மாத்திர குடுங்க. எல்லாருக்கும் குடுங்க. யாரு வேணாங்கறா. அந்த நம்பர எதுக்குப் போட்டு நோண்டுறீங்க?"

"நம்பர் பொய் சார்."

"யாரு பொய் சொன்னாங்க? கேட்டீங்க, சொன்னாங்க, எழுதுனீங்க. தாள்ல இருக்கு, தேதி இருக்கு, கையெழுத்து இருக்கு. என் சர்வீஸ்ல இவ்ளோ சுத்தமா ஒரு பைல நான் பாத்ததில்ல." குரலைத் தணித்துக்கொண்டார். "மாநாட்டுக்கு இன்னும் மூணு மாசந்தான். பன்னெண்டு ஊரு காத்துக்கிட்டு இருக்குது. நீங்க போய் எல்லாம் தப்புன்னு சொன்னா, அந்த ஊருங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. அதையும் பாருங்க."

தேவநாதனும் அதைப் பார்த்தார். ஒரு வாரம் பார்த்தார். அந்த ஒரு வாரம் வீட்டில் அவர் படுத்திய பாடு சொல்லி முடியாது. தோசை தீய்ந்திருக்கிறது என்பார். தீய்ந்தே இருக்காது. கடைசியில் புஷ்பவள்ளி, பல் பிடுங்கி வீக்கம் வடிந்து தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தவள், கேட்டாள்.

"அந்த எம்பத்தொண்ணுல நானும் ஒருத்தின்னு வெச்சுக்குங்க. வெள்ளிக்கெழம ஒங்க ஆளு வந்தா, எனக்குப் பல்வலியே இல்லன்னுதானே எழுதிக்கிட்டுப் போவாங்க?"

"ஆமா."

"அப்புறம் பல்லப் புடுங்கியிருக்கவேமாட்டாங்க?"

"மாட்டாங்க."

"பன்னெண்டு ஊருலயும்?"

டாக்டர் எழுந்து போய் பையில் கொண்டு வந்திருந்த அந்த நாற்பத்திரண்டு தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான்கு, ஏழு, மூன்று, ஆறு. இதில் யார் நிஜமாகத் தூங்குகிறாள், யார் கிணற்றுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள் என்று அந்த எண்களுக்குத் தெரியவில்லை. அவற்றை எழுதி வைத்த தனக்கும் தெரியவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. மறுநாளே உதவி தருகிறவர்களுக்கும் மாநாட்டுக்காரர்களுக்கும் இரண்டு கடிதம் எழுதினார். தன் எண் தவறு, திரும்ப எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று.

ஆடி, ஆவணி இரண்டு மாதமும் டாக்டரும் சவரியம்மாளும் பஸ்ஸிலேயே அலைந்தார்கள். வெள்ளியும் செவ்வாயும் போகவில்லை. போவதற்கு முன் சவரியம்மாள் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தாள்: ஆடிப்பெருக்கு கூடாது, கிருத்திகை கூடாது, அமாவாசை கூடாது, வீட்டில் சடங்கு நடந்து பத்து நாள் ஆகவில்லை என்றால் கூடாது, மாமியார் பக்கத்தில் இருந்தால் எந்த நாளும் கூடாது. கடைசி வரியை டாக்டர் இரண்டு தடவை அடிக்கோடிட்டார்.

நாற்பத்து மூன்று பேரில் இருபத்து நான்கு பேர் நிஜமாகவே நன்றாக இருந்தார்கள். வைத்தியம் வீண் போகவில்லை. பத்தொன்பது பேருக்குத் திரும்பவும் மாத்திரை தொடங்க வேண்டியிருந்தது. ஐம்பத்து மூன்றுக்கு இருபத்து நான்கு, நாற்பத்தைந்து சதவீதம். சிங்காரம் பெருமூச்சு விட்டு முகப்பில் பழைய எழுத்தை அழிக்கச் சொன்னார். புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. உதவி தருகிறவர்கள் பன்னிரண்டு ஊரை நான்காகக் குறைத்தார்கள். "நாலு ஊராவது நிக்குதே" என்றார் சிங்காரம். பாராட்டுகிறாரா குத்துகிறாரா என்று டாக்டருக்குப் புரியவில்லை.

ஐதராபாத்தில் பெரிய அரங்கில் இருந்த அவர் பேச்சைச் சின்ன அறைக்கு மாற்றிவிட்டார்கள். இருபது பேர் கேட்டார்கள். பாதிப் பேர் சிரித்தார்கள், அவரும் கூடச் சிரித்தார். பிறகு டீ குடிக்கும்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு டாக்டர் பக்கத்தில் வந்து, எங்கள் பக்கம் வியாழக்கிழமை லட்சுமிக்கு உரியது, அன்று யாரும் அழக்கூட மாட்டார்கள் என்று சொன்னார். சொல்லிவிட்டு, தான் எந்த நாளில் கேட்கப் போனோம் என்று நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு புதன்கிழமை மறுபடியும் கொளஞ்சியம்மாள் வீடு. சவரியம்மாள் தாளை எடுத்துப் பன்னிரண்டு கேள்வியையும் கேட்டாள். இடையிடையே தன் கதையையும் சொன்னாள், யாரும் தடுக்கவில்லை. கூட்டிப் பார்த்ததில் பதினைந்து. குணம் இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே இறங்க இன்னும் தூரம் இருந்தது.

"தூக்கம்?" என்றார் டாக்டர்.

"ரெண்டு மணி வரைக்கும் தூங்குறேன். அப்புறம் முழிச்சிக்கிறேன். முழிச்சிக்கிட்டு இருந்தாலும் முன்ன மாதிரி கண்டதும் நெனக்கல." அதோடு நிறுத்தியிருக்கலாம். கொளஞ்சியம்மாளுக்கு இன்றைக்குப் பேச்சு வந்திருந்தது. "ஆனா என்னா மாத்திரங்க ஐயா இது? வாயி வறண்டு ஒட்டிக்கிது. சோத்த முழுங்குறதுக்கு ஒரு சொம்பு தண்ணி. மலம் கழியமாட்டங்குது. காலையில எழுந்தா தலை கல்லு மாதிரி கனக்குது. நல்ல டாக்டருன்னு சொன்னாங்க, இதவிட ஒரு நல்ல மாத்திர ஒங்க ஊர்ல இல்லயா? அதுக்கு மேல மாசாமாசம் கூட்டம்னு கூப்புட்டு ஒக்கார வெச்சு, ஒரு டீ தண்ணி கூடக் குடுக்குறதில்ல. கொட்டைய உட்டுட்டு வர்றவளுக்குக் கூலி போவுது, அத யாரு கேக்குறது?"

தேவநாதன் ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். வாய் வறட்சி, மலச்சிக்கல், தலைக்கனம், டீ இல்லை. எழுத எழுத அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. ஆறு வருஷத்தில் இந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி அவரை நேருக்கு நேர் திட்டுவது இதுதான் முதல் தடவை. இன்னும் ஏதாவது உண்டா என்கிற மாதிரி பேனாவைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

கொளஞ்சியம்மாள் சவரியம்மாள் பக்கம் திரும்பினாள். "என்னாக்கா இவுரு, திட்டத் திட்டச் சிரிக்கிறாரு?"

"அவரு அப்படித்தான், நீ சொல்லு" என்றாள் சவரியம்மாள்.

"இல்லக்கா, எதுக்கும் அவுருக்கும் ஒரு மாத்திர குடுத்துப் பாருங்க" என்றாள் கொளஞ்சியம்மாள். சொல்லிவிட்டுக் கட்டையை எடுத்து, முன்னால் இருந்த கொட்டையை ஒரே தட்டில் உடைத்தாள்.